இடது கையில் ஒரு பிடி மண்: ஆள்மாறாட்டத் தொடரில் ஒரு சவ அடக்கக் காட்சி

இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரு மாதிரிக் காட்சி. ஆள்மாறாட்டத் தொடர்களின் படப்பிடிப்பில் வழக்கமாக எங்கெல்லாம் கால் சறுக்குமோ அவற்றையெல்லாம் ஒரே சவ அடக்கத்துக்குள் கொண்டுவந்து, எழுத்து மேசையிலிருந்து ஒலிக்கலவை வரை பின்தொடர்ந்திருக்கிறோம். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. யாருக்கு யார் என்ன உறவு என்பதே போதும்.

காட்சி

வேறொருவர் பெயரில் 18 ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒருவர். குட்டு உடையும் நேரம் வந்ததும், கார் தீப்பிடித்து எரிந்ததில் தான் செத்துவிட்டதாக ஊரை நம்பவைக்கிறார். மூடிய பெட்டிக்குள் கிடப்பது வேறு யாருடைய உடலோ. அடக்கம் நடக்கும் இடத்திலேயே, குழி தோண்டும் ஆட்களில் ஒருவராகத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் நிற்கிறார். மனைவிக்கு எதுவும் தெரியாது. மனைவியின் அக்காவுக்குக் காப்பீட்டுப் பணம் பற்றி ஒரு சந்தேகம் உண்டு. வக்கீலுக்கு எல்லாம் தெரியும். கூட்டத்தின் கடைசி வரிசையில் யாருக்கும் தெரியாத ஒரு பெண் நிற்கிறாள். அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. மரண அறிவிப்பில் வந்த புகைப்படத்தைப் பார்த்து, காணாமல் போன அண்ணனைக் கண்டுபிடித்த அன்றே பறிகொடுத்துவிட்டதாக நினைத்து வந்திருக்கிறாள்.

அவர் பிறவியில் இடது கைக்காரர். ஆனால் பெயரைத் திருடிய ஆள் வலது கைக்காரர் என்பதால், 18 வருஷமும் வலது கையாலேயே சாப்பிட்டு, எழுதி, கைகுலுக்கிப் பழகியவர். பெட்டி இறங்கும் நேரத்தில் அவரையறியாமல் இடது கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி, விரல் இடுக்கு வழியே வழியவிடுகிறார். மனைவி பார்த்தாலும் அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவள் அறிந்த கணவர் வலது கைக்காரர். தங்கைக்குத்தான் அது அண்ணன்.

எழுத்தில் நடந்தது

முதல் வடிவத்தில் இந்த இடது கை கிடையாது. தங்கை ஓடிவந்து பெட்டிமேல் விழுந்து, அண்ணனின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். மனைவி மயங்குகிறாள். அக்கா வக்கீலின் சட்டையைப் பிடிக்கிறாள். கூட்டத்துக்கு வெளியே ஒரு ஆள் தொப்பியைக் கழற்ற, இசை வெடிக்கிறது. எழுதும்போது கை துறுதுறுக்கும்தான், தவிர்ப்பது கஷ்டம். ஆனால் 4 நிமிஷத்தில் ஐந்து பேருக்கு ஐந்து உண்மை தெரிந்துவிட்டால், அடுத்த வாரத்துக்கு எதுவும் மிஞ்சாது.

இந்த வகைக் காட்சிக்கு வசனத்துக்கு முன்னால் எழுத வேண்டியது ஒரு பட்டியல்: காட்சி தொடங்கும்போது யாருக்கு என்ன தெரியும், முடியும்போது என்ன தெரியும். இரண்டாம் வடிவத்தில் அப்படி எழுதிப் பார்த்தபோது மாற்றம் இரண்டே இடத்தில் நின்றது. அண்ணன் உயிரோடிருப்பது தங்கைக்குத் தெரிகிறது. அந்த அந்நியப் பெண் எதையோ பார்த்துவிட்டாள் என்பது அக்காவுக்குத் தெரிகிறது. மனைவி வந்தபடியே திரும்பிப் போகிறாள். கணவனை இழந்து அழுகிறவளுக்குத்தான் இந்தக் காட்சியில் மிகக் குறைவாகத் தெரியும் என்பதே இதன் கனம்.

பார்வையாளருக்கு அவர் உயிரோடிருப்பது முன்பே தெரிந்திருக்க வேண்டுமா? இதற்குத் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன, மேசைக்கு அடியில் வைத்த வெடிகுண்டு உதாரணம் இன்னும் பழசாகவில்லை. குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் 15 வினாடி அதிர்ச்சி; இருப்பதைக் காட்டிவிட்டுப் பேசவைத்தால் 15 நிமிஷப் பதற்றம். ஆகவே முந்தைய எபிசோடின் கடைசி ஷாட்டிலேயே அவரை உயிரோடு காட்டியாயிற்று. அவர் தனியாக இருக்கும்போது மட்டும் இடது கையால் எழுதுவதும் அதற்கு முன் மூன்று இடங்களில் வந்துவிட்டது. மூன்றிலும் பார்வையாளரின் கவனம் வேறு வேலையில் இருக்கும்: ஒன்றில் தொலைபேசி அடிக்கிறது, ஒன்றில் குழந்தை கதவைத் தட்டுகிறது. அடையாளத்தை அடையாளம் என்று சொல்லிக் காட்டினால் அது செத்துவிடும்.

முகத்தைவிடப் பழக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது கதை சொல்கிறவர்களுக்குப் புதிதல்ல. வாகுகனாக உருமாறியிருந்த நளனைத் தமயந்தி கண்டுகொண்டது சமையலால். கிரேக்கக் காவியத்தில், பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸை, கால் கழுவிய செவிலி தொடைத் தழும்பால் கண்டுபிடிக்கிறாள். பக்கத்திலேயே இருக்கும் மனைவிக்கு அது தெரியாமல் போகிறது. நம் காட்சியின் முடிச்சும் அதேதான். சரியான அடையாளம், எதிர்பாராத கண்ணில் படுகிறது.

இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது. முதலாவது, உடலை யாரும் பரிசோதிக்கவில்லையா? பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண இன்டர்போல் வகுத்த நடைமுறையில் கைரேகை, பல், டி.என்.ஏ. மூன்றும்தான் முதல்நிலை ஆதாரம். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் துணை ஆதாரம். எழுத்தாளர்கள் மோதிரத்தோடு நிறுத்திவிடுவார்கள், பார்க்கிறவர்கள் அங்கேயே சிரிப்பார்கள். போரில் வீரர்கள் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டை மாற்றியே வேறு ஆளாகிவிட முடிந்த காலக் கதை என்றால் அது வேறு. 2007-இல் வந்த ‘மேட் மென்’ தொடரில், கொரியப் போரில் தகட்டை மாற்றிக்கொண்டவன் தன் பெயர் போட்ட சவப்பெட்டிக்கே துணையாக ரயிலில் வருவான். இறங்காமல் உட்கார்ந்திருப்பவனைச் சின்னத் தம்பி மட்டும் ஜன்னலில் பார்த்துவிடுவான். இன்றைய கதையில் அது எடுபடாது. இங்கே பல் மருத்துவரின் கோப்பு முன்பே மாற்றி வைக்கப்பட்டது என்று இரண்டு வரியை முந்தைய எபிசோடில் சேர்த்தோம். அடக்கத்தின் நடுவே விளக்கம் சொல்லத் தொடங்கினால் துக்கம் கலைந்துபோகும்.

இரண்டாவது ஓட்டை பெரிது: தப்பியவர் ஏன் அங்கே வந்து நிற்கிறார்? ‘கடைசியாக ஒருமுறை பார்க்க’ என்பது சோம்பேறித்தனமான பதில். புதுப் பெயரில் எடுத்த பாஸ்போர்ட் வக்கீலிடம் இருக்கிறது. வக்கீலை ஆட்கள் கண்காணிக்கிறார்கள். வக்கீல் சந்தேகம் வராமல் நிற்கக்கூடிய ஒரே பொது இடம் கட்சிக்காரரின் அடக்கம்தான். இந்தக் காரணம் வந்தபின், குழி தோண்டும் ஆளின் வேடமும் தானாகப் பொருந்திவிட்டது.

பெட்டி, குழி, மண்

வெறும் பெட்டியைத் தூக்கினால் ஆறு பேரும் ஏதோ மேசையைத் தூக்குவதுபோல நடப்பார்கள். தோள் இறங்காது, நடை வேகமாகும், திருப்பத்தில் பெட்டி துள்ளும். 5 கிலோ மணல் பைகள் ஒன்பதைப் பெட்டியின் தரையில் பட்டியால் இறுக்கிக் கட்டியதும் நடை மாறியது. கட்டாமல் போட்டால் சாய்க்கும்போது பைகள் ஒரு பக்கம் உருண்டு, முன்னால் தூக்குபவரின் மணிக்கட்டைப் பதம்பார்க்கும். குழிக்குள் இறக்கும் ஷாட்டுக்கு மட்டும் மூன்று பை போதும். அதற்குமேல் கனம் வைத்தால் கயிறு கையை அறுக்கும், வைக்காவிட்டால் பெட்டி காற்றில் திரும்பும்.

குழியை 60 செ.மீ.க்கு மேல் தோண்டவில்லை. அடியில் கறுப்புத் துணி விரித்தால் ஆழம் தெரியாது. குழிக்குள்ளிருந்து மேலே பார்க்கும் ஷாட் வேண்டுமென்றால், 1.2 மீட்டர் உயர மேடை போட்டு அதில் துளை விட்டு, கேமராவைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். முட்டுக் கொடுக்காத ஆழக் குழிக்குள் கேமராமேனை இறக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பு வரை சரிந்தாலே ஆளால் மூச்சுவிட முடியாது. எந்த ஷாட்டுக்கும் அந்த விலை கிடையாது.

மழை வைக்கலாம் என்பது ஒளிப்பதிவுத் தரப்பின் ஆசை. பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் மழைக் கம்பி அழகாகத் தெரியும், குடைகள் முகத்தை மறைக்க உதவும். ஆனால் ஈர மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தபோது விஷயம் முடிந்துவிட்டது. ஈர மண் விரல் இடுக்கில் வழியாது. கட்டியாக ஒட்டிக்கொள்ளும், உதறினால்தான் விழும். உதறுவது வேறு சைகை, அதில் பிரிவு இல்லை, எரிச்சல்தான் தெரியும். மழை ரத்து. உலர்ந்த மண்ணும் சரிப்படவில்லை, காற்றில் புகையாய்ப் பறந்தது. 5 மி.மீ. சல்லடையில் சலித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம் சாக்கால் மூடி வைத்த மண்தான் மணல் கடிகாரம்போல வழிந்தது. ஒரு பிடிக்கு ஏறத்தாழ 200 கிராம். கால் பக்கெட் தயாராக வைத்தால் பத்துப் பன்னிரண்டு டேக் தாங்கும்.

நடிகர் வலது கைக்காரர். இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. பழகாத கை மண்ணை அள்ளும்போது விரல்கள் தடுமாறும். பழகிய கையில் அவை இயல்பாக மடங்கும். இரண்டு வாரம் இடது கையால் பல் துலக்கி, இடது கையால் தேநீர் கலக்கி வந்தபிறகுதான் அந்தக் கை ‘அவருடையது’ ஆனது.

படப்பிடிப்பு நாள்: தவறு தொடங்கிய இடம்

திரைக்கதையில் 4 பக்கம். காட்சியை ஷாட்டுகளாகப் பிரித்தெழுதும் ஷாட் டிவிஷனில் 34 ஷாட் எழுதியிருந்தது. 60 துணை நடிகர்களை வைத்துக்கொண்டு ஒரு நாளில் 34 எடுப்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். 21 தேறியது.

துணை நடிகர்களை மூன்று வளையமாகப் பிரித்தது நல்ல முடிவு. குழியைச் சுற்றி 8 பேர், அவர்களுக்குப் பின் 20, வெளி வளையத்தில் மீதிப் பேர். அழுகை உள்வளையத்துக்கு மட்டும். வெளி வளையத்தில் ஒருவர் கைபேசியைப் பார்க்கிறார், ஒருவர் செருப்பிலிருந்து கல்லை உதறுகிறார். எல்லோரும் அழுதால் மனைவியின் அழுகை கூட்டத்தில் கரைந்துவிடும். அழுதவர்களும் சத்தமில்லாமல் வாயசைத்தார்கள். ஒப்பாரியை இரண்டு நிமிஷம் தனியாகப் பதிவுசெய்துகொண்டோம். வசனத்தின் மேல் கூட்டத்தின் ஓலம் ஏறிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

மனைவியாக நடித்தவரின் முகம் மட்டும் தெரியும் க்ளோஸை முதலில் எடுத்திருக்க வேண்டும். வழக்கம்போல, காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் தொடங்கினார்கள். அகல ஷாட்டில் அவர் எட்டு முறை உயிரைக் கொடுத்து அழுதார், அதில் அவர் முகம் கடலை அளவு. க்ளோஸுக்கு வந்தபோது கண்ணீர் வற்றி, மென்தால் குச்சி கண்ணுக்குக் கீழே ஏறியது. மென்தால் தண்ணீரை வரவழைக்கும், கூடவே இமையோரத்தைச் சிவக்கவைக்கும். தடவத் தடவச் சிவப்பு ஏறும், இறங்காது. வெட்டிச் சேர்த்தபோது ஷாட்டுக்கு ஷாட் கண் நிறம் மாறியது.

வெயில் அடுத்த சிக்கல். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். காலையில் கிழக்கு பார்த்த ஷாட்டுகள், மாலையில் மேற்கு பார்த்தவை என்று பிரித்தால் எல்லா முகத்துக்கும் பேக்லைட் (பின்னாலிருந்து விழும் வெளிச்சம்) கிடைத்து, நிழல் ஒத்துப்போகும். அக்காவாக நடித்தவரின் கால்ஷீட் மதியத்துக்கு மேல்தான் என்பதால் இந்த வரிசை கலைந்தது. வரிசை கலைந்ததில்தான் காட்சியையே கெடுத்த அந்தத் தவறு புகுந்தது.

அடக்கக் காட்சியில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். பார்வைத் திசை குழம்பாமலிருக்கக் கேமரா தாண்டக் கூடாத கற்பனைக் கோடுதான் இமேஜினரி லைன். வட்டத்துக்கு அப்படி ஒரே லைன் கிடையாது; யார் யாரைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து லைன் மாறும். இங்கே முக்கியமான லைன் தங்கைக்கும் குழி தோண்டுபவருக்கும் இடையே போவது. தங்கை கேமராவுக்கு வலப்பக்கம் பார்த்தால், அவர் கேமராவுக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும். மாலையில் பேக்லைட்டைத் துரத்திக்கொண்டு கேமரா லைனைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. அவர் மண் அள்ளும் ஷாட்டில் அவரும் வலப்பக்கமே பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக இல்லாமல், இருவரும் மூன்றாவது ஒன்றைப் பார்ப்பதாக ஆயிற்று. லுக் (பார்வைத் திசை) தப்பு என்று தளத்தில் ஒருவர் சொன்னார்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ‘எடிட்டில் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தது.

எடிட்டர் பார்த்துக்கொண்டார். லுக் தப்பான ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடுவது எடிட்டிங்கில் சாதாரண வைத்தியம். திருப்பினார், லுக் சரியானது, வெட்டு வழுக்கிக்கொண்டு போனது. இடது கை வலது கையாகிவிட்டது.

முதல் கட்டத் தொகுப்பான ரஃப் கட்டைப் பார்த்த நாலு பேரில் மூன்று பேர் இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. காட்சி ஏன் ஒட்டவில்லை என்று மட்டும் சொன்னார்கள். தங்கை எதைப் பார்த்து அதிர்ந்தாள் என்று புரியவில்லையாம். ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் மாறாமல் கவனிக்கும், அதாவது கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர்தான் சட்டைப் பொத்தான் பட்டி எதிர்ப்பக்கம் இருப்பதைக் காட்டினார். ஷாட்டைத் திருப்பினால் சட்டைப் பட்டி, தலை வகிடு, எழுத்துகள், கடிகாரம் கட்டிய கை எல்லாம் மாறும். இந்தத் தொடரில் அவற்றோடு கதையும் மாறியது. ‘இந்தப் பாத்திரத்தின் எந்த ஷாட்டையும் திருப்பக் கூடாது’ என்று எடிட் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருந்தால், எடிட்டர் அன்றே கூப்பிட்டிருப்பார்.

பேட்ச்

அரை நாள் பேட்ச் (பிசகிய ஷாட்டுகளை மட்டும் மீண்டும் எடுப்பது) எடுத்தார்கள். அதே இடம், அதே நேர வெயில், துணை நடிகர்களில் 12 பேர் மட்டும். மீண்டும் எடுக்க வாய்ப்பு வந்ததால் லென்ஸ் கணக்கையும் சரிசெய்ய முடிந்தது.

மனைவியின் பார்வையாக வரும் ஷாட்டை முதல் நாள் 200 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தார்கள். சூப்பர் 35 என்ற அளவுள்ள கேமரா சென்சாரில், 12 மீட்டர் தள்ளி நிற்பவரை அந்த லென்ஸ் இடுப்பு வரை கிட்டத்தில் இழுத்துவிடும்; முகம் மட்டும் ஃபிரேம் உயரத்தில் கால் பங்கு. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற புருஷனை இவள் ஏன் அடையாளம் காணவில்லை என்ற கேள்வி உடனே எழும். 40 மி.மீ. போட்டதும் அதே ஆள் முழு உருவமாகச் சிறுத்து, முகம் ஃபிரேம் உயரத்தில் இருபதில் ஒரு பங்கானது. அழுது கலங்கிய கண்ணுக்கு அவர் வேலையாட்களில் ஒருவர், அவ்வளவுதான்.

தங்கையை வெளி வளையத்தில், அவரிடமிருந்து 8 மீட்டரில் நிறுத்தினார்கள். அவள் பார்வைக்கு 85 மி.மீ. தொப்பியிலிருந்து தொடை வரை ஃபிரேமில் நிற்கும், கை ஃபிரேம் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. கைபேசியைப் படுக்கவைத்துப் பார்த்தால் திரையின் உயரம் சுமார் 7 செ.மீ.; கை அதில் ஒரு செ.மீ. தெரியும். 12 மீட்டரிலிருந்து எடுத்த 40 மி.மீ. ஷாட்டில் அது சுமார் 3 மி.மீ.தான் தேறும். முதலில் எடுத்த, கையை மட்டும் காட்டும் இன்சர்ட் ஷாட் இப்போது தேவைப்படவில்லை. இன்சர்ட் ‘இதோ பார்’ என்று விரல் நீட்டிவிடும். இந்த அளவில் பார்வையாளரே கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தது தன் சாமர்த்தியம் என்று நினைப்பார்.

தங்கையின் ரியாக்‌ஷனை ஐந்து டேக் எடுத்தார்கள். முதல் மூன்றில் கண் விரிந்தது, உதடு நடுங்கியது. ஐந்தாவதில் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார், அதுதான் தொகுப்பில் சேர்ந்தது. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு ஆண்டுக்கு முன் செய்து காட்டியதுதான்: ஒரே அசைவற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாறி மாறி ஒட்டினால் பசி, துக்கம், ஆசை என்று பார்ப்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். இங்கே நிரப்ப வேண்டியது துக்கம் மகிழ்ச்சியாக மாறும் ஒரு நொடி. நடித்துக் காட்டினால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

ஒலி

ரஃப் கட்டில் 7 நிமிஷம் 40 வினாடி இருந்தது 5 நிமிஷம் 10 வினாடிக்கு வந்தது. வெட்டியது பெரும்பாலும் அழுகை. இசை முன்பு கை மண்ணைத் தொடும்போதே தொடங்கியது. அதைத் தங்கையின் முகத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். அதுவரை கேட்பது பெட்டி மூடிமேல் மண் விழும் சத்தம் மட்டும்.

அந்தச் சத்தத்திலும் ஒரு பொய்த் தடயம் ஒளிந்திருந்தது. படத்துக்கேற்ற சத்தங்களைத் தனியாக உண்டாக்கிப் பதியும் ஃபோலி அறையில் காலி மரப்பெட்டியின்மேல் மண்ணைப் போட்டுப் பதிவுசெய்திருந்தார்கள். ‘டொம் டொம்’ என்று எதிரொலித்தது. கேட்டவர்களில் இரண்டு பேர், ‘பெட்டி காலி, அதுதான் ட்விஸ்ட்’ என்று சொன்னார்கள். உள்ளே ஓர் உடல் இருக்கிறது, அது யாருடையது என்பதுதான் அடுத்த பத்து எபிசோடுக்கான கேள்வி. காலிப் பெட்டி அந்தக் கேள்வியையே கொன்றுவிடும். அதே மணல் பைகளை ஃபோலி பெட்டிக்குள் வைத்து மீண்டும் பதிவுசெய்தபோது சத்தம் தணிந்து, மந்தமாக, கனமாக வந்தது.

கடைசி ஷாட் அக்காவுடையது. அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கிறாள், அந்தப் பார்வை போகும் திசைக்குத் தலையைத் திருப்புகிறாள். திருப்பி முடிக்கும் முன் வெட்டு. அடுத்த எபிசோடின் முதல் ஷாட்டில், வேறொரு ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் கையில் நாலு நகத்தின் ஓரத்தில் மண் இருக்க வேண்டும். அதைப் படமாக்கியது 11 நாள் கழித்து. கன்டினியூட்டி புகைப்படத்தில் எந்தெந்த நகம், எவ்வளவு கறுப்பு என்பது குறித்து வைக்கப்பட்டிருந்தது; சல்லடை மண்ணில் மிச்சமிருந்த ஒரு டப்பாவும் ஆர்ட் டிபார்ட்மென்ட் அலமாரியில் மூடி போட்டு இருந்தது.